'எதிர்கொண்டுபோக' என்றால் ஊரைக் காலி செய்துவிட்டுப் போவதா? இரகசிய வருகை பற்றி ஒரு சந்தேகம்

தேரிப்பனை (இழையைத் தொடங்கியவர்)

ஸ்தோத்திரம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள். கர்த்தர் ஊரறிய வருவதற்கு முன்னால் விசுவாசிகளை மட்டும் யாருக்கும் தெரியாமல் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் இங்கே கைவிடப்படுவார்கள் என்கிற போதனையைத்தான் இரகசிய வருகை என்கிறார்கள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பள்ளி விட்டு வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, அம்மாவைக் காணோம், தம்பியைக் காணோம், பக்கத்து வீட்டு அத்தையையும் (அவர்களும் எங்கள் சபைதான்) காணோம். அதற்கு முந்தின வாரம்தான் கன்வென்ஷன் பந்தலில் ஒரு பெரிய துணிப்படத்தைத் தொங்கவிட்டு, ஓட்டுநர் மறைந்துபோன பஸ், விமானி மறைந்துபோன விமானம், இடம் வலமாக ஏழு வருஷம் உபத்திரவம், ஆயிரம் வருஷம் அரசாட்சி என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். சரி, நான் கைவிடப்பட்டாயிற்று என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். சத்தியமாகச் சொல்கிறேன், கடைசி காலத்தில் ஆளப்போகிற அந்திக்கிறிஸ்து வந்தால் அவன் முத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் எந்த உடைமரக் காட்டில் ஒளிந்துகொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தார். ஆட்டுக்குட்டி கிணற்றுப் பக்கம் போய்விட்டதாம், எல்லோரும் பிடிக்கப் போயிருந்தார்கள். "சோறு குழையுது, இதைக்கூட இறக்கி வைக்கத் தெரியாதா" என்று எனக்குத்தான் திட்டு.

சிரிக்கலாம். ஆனால் அந்தப் பயம் கல்லூரி வரை என்னோடு வந்தது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன், விசுவாசத்தை விடவில்லை, கர்த்தர் திரும்ப வருவார் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறேன், நம்புகிறேன். ஆனால் அந்தத் துணிப்படத்தை மட்டும் நம்ப முடியவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

எல்லோரும் தொங்குகிற வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:17. "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு." இதில் எல்லோரும் "எடுத்துக்கொள்ளப்பட்டு" என்ற சொல்லையே பிடித்துக்கொள்கிறோம். முன்னால் இருக்கிற "எதிர்கொண்டுபோக" கண்ணில் படுவதில்லை. தமிழர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லையே! கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பெண் வீட்டார் ஊர் எல்லைவரை, இல்லாவிட்டால் ஒரு கோயில் வாசல்வரை போய் மாலை போட்டு, மேளத்தோடு மாப்பிள்ளையை எங்கே அழைத்து வருகிறார்கள்? ஊருக்குள். எல்லையில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் பெண் வீட்டார் எல்லோரும் அவர் காரிலேயே ஏறி மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டால் அதற்குப் பெயர் வேறு.

இது என் கற்பனை இல்லை. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'அப்பாந்தேசிஸ்'. புதிய ஏற்பாட்டில் அது வேறு இரண்டு காட்சிகளில்தான் வருகிறது. ஒன்று பத்துக் கன்னிகைகள்: "மணவாளன் வருகிறார், அவருக்கு எதிர்கொண்டுபோகப் புறப்படுங்கள்" (மத் 25:6). போனவர்கள் அவரோடு கல்யாண வீட்டுக்குள்ளே வருகிறார்கள். இன்னொன்று அப்போஸ்தலர் 28:15. பவுல் ரோமாபுரிக்கு வருகிறார் என்று கேட்டு, அங்கே உள்ள சகோதரர்கள் அப்பியுபுரம், மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அப்புறம் பவுலோடு சேர்ந்து ரோமுக்குத்தான் போனார்கள்.

அப்படியானால் வருகிறவர் இங்கே வருகிறார். நாம் வாசல்வரை போய் அழைத்து வருகிறோம். பரலோகத்துக்குத் தப்பி ஓடுகிற கதை இந்த வசனத்தில் எங்கே இருக்கிறது? இதில் 'இரகசியம்' வேறு. முந்தின வசனத்தில் ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம். இவ்வளவு சத்தத்தோடு நடக்கிற இரகசியத்தை நான் பார்த்ததில்லை.

அடிக்க வருகிறவர்கள் வசனத்தோடு வாருங்கள்.

காத்திருப்பவன்

பிரதர், உங்கள் சின்ன வயசுப் பயத்துக்கு வருத்தப்படுகிறேன், ஆனால் ஒரு போதகர் படத்தைத் தவறாகக் காட்டியதால் உபதேசமே தவறாகிவிடாது. நான் ஆயிர வருட அரசாட்சியை எழுத்தின்படி நம்புகிறவன், இருபது வருஷமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவன். சில விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு சொல்லை வைத்து மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டீர்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குச் சந்திப்பது என்றுதான் பொருள். சந்தித்த பிறகு எங்கே போவது என்பது சொல்லில் இல்லை. பவுல் அந்த இடத்தில் சொல்லவும் இல்லை. "எப்பொழுதும் கர்த்தருடனேகூட இருப்போம்" என்று முடிக்கிறார், அவ்வளவுதான். எங்கே போகிறோம் என்பதற்கு யோவான் 14:3 இருக்கிறது. "நான் இருக்கிற இடத்திலே நீங்களும் இருக்கும்படி" சேர்த்துக்கொள்வேன் என்கிறார். அது பிதாவின் வீடு.

இரண்டாவது, இது ஏதோ நேற்று வந்த உபதேசம் மாதிரிப் பேசுகிறார்கள் (நீங்கள் சொல்லவில்லை, அடுத்து யாராவது சொல்வார்கள்). ஆதி சபையின் ஆசிரியர்களான பப்பியாஸ், யுஸ்தீன், இரேனியு, தெர்த்துல்லியன் எல்லோரும் கிறிஸ்து வந்த பிறகு பூமியில் ஆயிர வருட அரசாட்சி உண்டு என்றவர்கள். இரேனியு யாருடைய பாதத்தில் வளர்ந்தவர்? பொலிகார்ப். பொலிகார்ப் யோவானைக் கண்டவர். யோவான்தான் வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதினவர். இவர்களைவிட நமக்கு அதிகம் தெரியுமா?

முக்கியமானது வெளிப்படுத்தின விசேஷம் (வெளி) 20. நாலாம் வசனம், "அவர்கள் உயிர்த்து" அரசாண்டார்கள். ஐந்தாம் வசனம், மற்றவர்கள் ஆயிரம் வருஷம் முடியுமளவும் "உயிரடையவில்லை". தமிழில் இரண்டு சொல், கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வினை. ஐந்தாம் வசனத்தில் அது சரீர உயிர்த்தெழுதல் என்று, ஆயிரம் வருஷத்தை உவமையாக வாசிக்கிற உங்கள் பக்கத்தவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் நாலாம் வசனத்தில் மட்டும் அது ஆவிக்குரிய உவமை என்று எப்படிச் சொல்ல முடியும்? இதற்கு நேரான பதில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடிக்குறிப்பு

நான்தான் அந்த "அடுத்து யாராவது".

காத்திருப்பவன் ஐயா, இரண்டு சரக்கை ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். ஆயிர வருட அரசாட்சி நம்பிக்கை பழையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யுஸ்தீன் தானே எழுதுகிறார், சுத்தமான விசுவாசம் உள்ள பல கிறிஸ்தவர்கள் இதை ஏற்பதில்லை என்று. திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலில், 80ஆம் அதிகாரம். அதாவது இரண்டாம் நூற்றாண்டிலேயே இரண்டு கருத்தும் சபைக்குள் இருந்தது. பப்பியாஸைப் பற்றி சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் "புத்தி ரொம்பக் குறைவு" என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். அது கொஞ்சம் கடுமைதான், யூசேபியஸுக்கு இந்த உபதேசமே பிடிக்காது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சபைப் பிதா அகுஸ்தீன் முதலில் உங்கள் பக்கம் இருந்து பிறகு மாறியவர், அவரே சொல்கிறார்.

ஆனால் துணிப்படத்தில் இருப்பது பப்பியாஸ் சொன்னது இல்லையே! சபை முதலில் இரகசியமாக எடுக்கப்படும், அப்புறம் ஏழு வருஷம் உபத்திரவம், இஸ்ரவேலுக்கு ஒரு திட்டம், சபைக்கு வேறு திட்டம், வருகையே இரண்டு கட்டமாக. இந்த முழு அமைப்பையும் ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து வெளியே வந்து, பிரதரன் (சகோதரர் சபை) இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானவர். 1830களில் பவர்ஸ்கோர்ட் சீமாட்டியின் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இது உருவெடுத்தது. யுஸ்தீனும் இரேனியுவும் அந்திக்கிறிஸ்துவின் காலத்தில் சபை பூமியில் இருந்து பாடுபடும் என்றுதான் எழுதினார்கள். அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்வார்கள்.

டார்பியின் கருத்து வீடு வீடாகப் போனது 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமத்தால். அதில் தந்திரம் என்னவென்றால் (தந்திரம் என்பது கடுமையான சொல், சரி, வசதி என்று வைத்துக்கொள்வோம்) வசனமும் குறிப்பும் ஒரே பக்கத்தில். மேலே மத்தேயு, கீழே ஸ்கோஃபீல்ட். பத்து வருஷம் வாசித்தவனுக்கு எது மேலே இருந்தது எது கீழே இருந்தது என்றே மறந்துபோகும். மிஷனரிமாரும் வேதாகமப் பள்ளிகளும் வழியாக நம் ஊருக்கு வந்தபோது கோடும் வரிசையும் தனியாக வந்தது, அது யார் வரைந்த கோடு என்ற தகவல் கூட வரவில்லை.

மணல்மேடு

அடிக்குறிப்பு அண்ணா, பிரதரன் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பாட்டி கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன் ஐயாவைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அவர் குரோவ்ஸ் என்ற வெள்ளைக்காரரோடு இருந்தவர் இல்லையா? அப்படியென்றால் டார்பி நேராக நெல்லைப் பக்கமே வந்துவிட்டாரா?

அடிக்குறிப்பு

அருமையான கேள்வி, ஆனால் பதில் "ஆமாம்" இல்லை. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் பல் வைத்தியர், பாக்தாதுக்கு மிஷனரியாகப் போய், அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833இல் இந்தியா வந்தவர். ஆரம்பத்தில் டார்பியின் நண்பர். ஆனால் 1836லேயே டார்பிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார், நீங்கள் ஆரம்பித்த இடத்திலிருந்து விலகிப் போகிறீர்கள், கிறிஸ்துவின் ஜீவன் உள்ளவர்கள் எல்லோரோடும் ஐக்கியம் என்று தொடங்கிவிட்டு, இப்போது ஒரே போதனையில் ஒத்துப்போகிறவர்களோடு மட்டும் என்று சுருக்குகிறீர்கள் என்கிற தொனியில். அருளப்பன் நெல்லை மிஷனரி ரேனியஸிடமும் படித்தவர், குரோவ்ஸோடும் நடந்தவர். 1860இல் அவர் ஊழியத்தில் பெரிய எழுப்புதல் வந்தது. கிறிஸ்துவின் சீக்கிர வருகையை அவர்கள் எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. அதற்காக டார்பியின் வரைபடத்தை அருளப்பன் தலையில் கட்ட வேண்டாம்.

இன்னொரு பக்கம், திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்பவர், பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த கிறிஸ்தவர், 1875 வாக்கில் தொடங்கிய எழுப்புதலில் 1881இல் கர்த்தர் வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போனது. அமெரிக்காவில் மில்லர் கூட்டத்தார் கர்த்தர் வருவார் என்று 1844 அக்டோபர் 22 இரவு முழுக்கக் காத்திருந்த கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கும் பக்கத்து ஊரில் ஒரு 1844 உண்டு என்பது தெரியாது.

காத்திருப்பவன்

தேதி குறித்தவர்களை எங்கள் தலையில் ஏற்றாதீர்கள். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவனும் அறியான் என்று நானே பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கள்ள நோட்டு இருப்பதால் நல்ல நோட்டு செல்லாது என்று ஆகுமா?

என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரே வினைச்சொல், அடுத்தடுத்த வசனம், இரண்டு அர்த்தமா?

தேரிப்பனை

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். என் பக்கத்தின் பலவீனமான இடம் அதுதான் என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதிலே இல்லை என்பது சரியில்லை. யோவான் 5 எடுங்கள், எழுதினவரும் யோவான்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். 25ஆம் வசனம்: மரித்தோர் தேவகுமாரனுடைய சத்தத்தைக் கேட்குங்காலம் வரும், "அது இப்பொழுதே வந்திருக்கிறது", கேட்கிறவர்கள் பிழைப்பார்கள். இது இப்போதே நடப்பது, ஆத்துமாவில் நடப்பது. மூன்று வசனம் தள்ளி 28: "பிரேதக்குழிகளிலுள்ள அனைவரும்" அவருடைய சத்தத்தைக் கேட்பார்கள். இது சரீரம். ஒரே பேச்சில், ஒரே வாயில், இரண்டு வகை. ஆக இது நடக்கவே முடியாத காரியம் இல்லை.

அதே 28–29ஐ இன்னும் கொஞ்சம் பாருங்கள். நன்மை செய்தவர்களும் தீமை செய்தவர்களும் ஒரே காலத்தில், ஒரே சத்தத்தில் எழுந்திருக்கிறார்கள். நடுவில் ஆயிரம் வருஷம் எங்கே? யோவான் 6இல் இயேசு நாலு தடவை சொல்கிறார், விசுவாசிக்கிறவனை "கடைசிநாளில்" எழுப்புவேன் என்று. துணிப்படத்தின்படி விசுவாசி எழுப்பப்பட்ட பிறகு இன்னும் ஆயிரத்து ஏழு வருஷம் பாக்கி இருக்கிறதே, அது எப்படிக் கடைசி நாள் ஆகும்?

இன்னொன்று, 1 கொரிந்தியர் 15. கடைசிச் சத்துரு மரணம். நாம் மறுரூபமாகும் அன்றைக்கு "மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது" என்று பவுல் முடித்துவிடுகிறார். ஆனால் உங்கள் ஆயிர வருட அரசாட்சியில் ஜனங்கள் பிறக்கிறார்கள், சாகிறார்கள், கடைசியில் கலகம்கூடச் செய்கிறார்கள். கிறிஸ்து எருசலேமில் உட்கார்ந்து அரசாளும்போது பக்கத்துத் தெருவில் இழவு வீடா? எனக்கு இது ஒட்டவே இல்லை.

ஆயிரம் என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம், யாராவது 1001ஆம் வருஷம் அறுவடைக்கு அரிவாளோடு வந்தார்களா? மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985தான். அதற்காகப் பெயர் வைத்தவன் பொய் சொன்னான் என்று யாரும் வழக்குப் போடவில்லை. சங்கிலி, திறவுகோல், வலுசர்ப்பம், அடிகாணாத பாதாளம் இதெல்லாம் அடையாளம், நடுவில் உள்ள எண் மட்டும் எழுத்தின்படி என்றால் எப்படி?

காத்திருப்பவன்

985 தூண் நல்ல நகைச்சுவை. ஆனால் தூண் உண்மையான கல் பிரதர். எண்ணிக்கை முழு எண்ணாக இல்லாவிட்டாலும் மண்டபம் இருக்கிறது. நீங்கள் மண்டபமே உவமை என்கிறீர்கள்.

1 கொரி 15:23–24ஐ முழுசாக வாசியுங்கள். "அவனவன் தன்தன் வரிசையிலே", முதற்பலன் கிறிஸ்து, பின்பு அவர் வருகையில் அவருடையவர்கள், "அதன்பின்பு" முடிவு. முதற்பலனுக்கும் வருகைக்கும் நடுவில் ரெண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறீர்கள். வருகைக்கும் முடிவுக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கக் கூடாதா? சாத்தானைக் கட்டியாயிற்று என்றும் உங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். இப்போது கட்டப்பட்டிருக்கிறான் என்றால் சங்கிலி ரொம்ப நீளம் போலிருக்கிறது, செய்தித்தாள் வாசிப்பதில்லையா நீங்கள்?

தேரிப்பனை

:) சங்கிலி நீளம்தான். ஆனால் எதற்காகக் கட்டப்பட்டான் என்று வெளி 20:3 காரணம் சொல்கிறது, ஜனங்களை "மோசம்போக்காதபடிக்கு". இயேசுவே, பலவானை முந்திக் கட்டினாலொழிய அவன் வீட்டைக் கொள்ளையிட முடியாது என்று தம் ஊழியத்தைப் பற்றிச் சொன்னார் (மத் 12:29). அதுவரை யூத ஜனத்துக்குள் மட்டும் இருந்த வெளிச்சம் அதன் பிறகு எல்லா ஜனங்களுக்கும் வந்தது. மணப்பாட்டுக் கடற்கரைக்கும் வந்தது. அது கட்டப்பட்டதன் விளைவு என்று நான் வாசிக்கிறேன். அவன் செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை.

"அதன்பின்பு" பற்றி நீங்கள் சொன்னது நியாயம், இடைவெளிக்கு இடம் இருக்கிறது. இடம் இருப்பதும் பவுல் அங்கே ஒரு ராஜ்யத்தை வைப்பதும் ஒன்றில்லை என்றுதான் சொல்வேன்.

வேளாங்கண்ணி வழி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கம் இந்த விவாதமே கிடையாது, திருவெளிப்பாடு 20ஐ அகுஸ்தீனார் வழியில் திருச்சபையின் காலம் என்றுதான் படிக்கிறோம். மிதமான ஆயிர ஆண்டுக் கொள்கையைக்கூடப் பாதுகாப்பாகப் போதிக்க முடியாது என்று 1944இல் ரோமிலிருந்து பதில் வந்திருக்கிறது. லூத்தரன்களின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையிலும் 17ஆம் பிரிவில் இதே மாதிரி ஒரு மறுப்பு உண்டு என்று நினைவு. நைசீன் விசுவாச அறிக்கையில் "அவருடைய ஆட்சிக்கு முடிவு இராது" என்று எல்லோரும்தானே சொல்கிறோம், அதில் ஆயிரம் எங்கே வருகிறது?

ஒரு அனுபவம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நாகை மாவட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பிணங்களை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கூட்டத்தார் வேனில் வந்து "இது கடைசி காலத்தின் அடையாளம், வருகை நெருங்கிவிட்டது" என்று கைப்பிரதி கொடுத்துவிட்டுப் போனார்கள். என் பக்கத்தில் நின்றவர் அன்றைக்குத்தான் இரண்டாவது பிள்ளையை அடக்கம் செய்திருந்தார். அவர் கைப்பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மணல்மேடு

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

அந்தக் கைப்பிரதிக்காரர்கள் மத்தேயு 24ஐக் கூட ஒழுங்காக வாசிக்கவில்லை. யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி எல்லாம் வருகிற அந்தப் பட்டியலிலேயே இயேசு என்ன சொல்கிறார்? "இவைகளெல்லாம் சம்பவிக்கவேண்டியதே, ஆனாலும், முடிவு உடனே வராது." கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். கலங்க வேண்டாம் என்று அவர் சொன்ன பட்டியலையே வைத்துக் கலங்க வைக்கிறோம்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். 2021இல் தடுப்பூசி வந்தபோது பெரியம்மா போட மாட்டேன் என்று பிடிவாதம், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிரசங்கத்தில் அதுதான் 666 முத்திரை என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன் ஆதார் அட்டையும் அப்படித்தான் இருந்தது, அதற்கு முன் கடைப் பொருள்மேல் உள்ள கோடுகள். பெரியம்மா ஆக்சிஜன் வரை போய்த் திரும்பினார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் அவரிடம் வெளி 13ஐ முடித்ததும் அப்படியே 14:1ஐ வாசிக்கச் சொன்னேன். அங்கே ஆட்டுக்குட்டியோடு நிற்கிறவர்கள் நெற்றியிலும் ஒரு நாமம் எழுதியிருக்கிறது. "அது எந்த ஊசி பெரியம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

அடிக்குறிப்பு

666க்கு ஒரு வரி மட்டும். எபிரெய எழுத்தில் நீரோ இராயன் என்று எழுதிக் கூட்டினால் 666 வரும், நீரோ என்ற பெயரின் எபிரெய வடிவில் கடைசி எழுத்து ஒன்றை விட்டால் 616. வேதாகமத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 616 என்றே இருக்கிறது, இரேனியுவுக்கே அது தெரிந்திருந்தது (அவர் அதைப் பிழை என்றார்). ஆசியாவின் ஏழு சபைக்கு எழுதிய கடிதம் அது. முதலில் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும், ஆதார் அட்டையைப் பற்றி எழுதி அவர்களுக்கு என்ன பிரயோஜனம்?

காத்திருப்பவன்

சுனாமி கைப்பிரதிக்கு நான் வெட்கப்படுகிறேன். அதை யார் செய்திருந்தாலும் தப்பு.

ஆனால் ஒன்று மட்டும் யாரும் பேசவில்லை, இஸ்ரவேல். 1948இல் இஸ்ரவேல் தேசம் உருவானதை எப்படி விளக்குவீர்கள்? ரெண்டாயிரம் வருஷம் சிதறிக்கிடந்த ஜனம் திரும்ப வந்தது. அத்திமரம் துளிர்விடும்போது என்று கர்த்தர் சொன்னார்.

தேரிப்பனை

அத்திமரம் இஸ்ரவேல், அது துளிர்த்தது 1948, "இந்தச் சந்ததி" 40 வருஷம், ஆகவே 1988 என்று அமெரிக்காவில் ஒருவர் 88 காரணம் சொல்லிப் புத்தகமே போட்டார். லட்சக்கணக்கில் போனது. நீங்கள் தேதி குறிக்க மாட்டீர்கள், தெரியும், ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரி இதுதான். லூக்கா இதே உவமையை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், 21:29: "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்." அத்தி இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் யார்? துளிர்விட்டால் கோடை வருகிறது என்று தெரிகிற மாதிரி, அவ்வளவுதான் அந்த உவமை.

இன்னொன்று என்னை உறுத்துவது. துணிப்படத்தில் சபை மேலே போன பிறகு இஸ்ரவேலுக்கு என்ன நடக்கிறது? சகரியா 13:8ஐ வைத்து, தேசத்தில் மூன்றில் இரண்டு பங்கு யூதர்கள் மாண்டுபோவார்கள் என்று போதிக்கிறார்கள். அதாவது இஸ்ரவேலை நேசிக்கிறேன் என்று கொடி பிடிக்கிறவர், மேலே உட்கார்ந்து அதைப் பார்க்கப் போகிறேன் என்றும் நம்புகிறார். 2018 மே மாதம் எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறந்தபோது இந்த உபதேசம் பேசுகிற அமெரிக்கப் போதகர் ஜான் ஹேகிதான் முடிவு ஜெபம் செய்தார். அங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிற பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள், பெத்லகேம்காரர்கள், எருசலேம் சபைத் தலைவர்கள் இந்த மாதிரி உபதேசத்தை எதிர்த்து 2006லேயே ஒரு அறிக்கை விட்டிருக்கிறார்கள். நம் பிரசங்கங்களில் பெத்லகேமில் இன்றைக்கும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றாவது யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? சுற்றுலா போய்விட்டு வந்தவர்கள்கூடச் சொல்வதில்லை.

மூன்றாவது ஆலயம் கட்டி எசேக்கியேல் 43இல் உள்ள பாவநிவாரணபலி மறுபடியும் நடக்கும் என்பது வேறு. எபிரெயர் 10:18, "இனிப் பாவத்தினிமித்தம் பலிசெலுத்தப்படுவதில்லையே". சிலுவைக்குப் பிறகு மறுபடி காளையா? அது ஞாபகார்த்தம் மட்டும்தான் என்கிறார்கள். எசேக்கியேல் ஞாபகார்த்தம் என்று எழுதவில்லை, எழுத்தின்படி வாசிக்கிறவர்கள் இங்கே மட்டும் ஏன் எழுத்தை விடுகிறார்கள்?

காத்திருப்பவன்

பலி விஷயம் எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ரோமர் 11ஐ நீங்கள் தொடவில்லை என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலுக்கு இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது என்று பவுல் அங்கே சொல்கிறார்.

உபத்திரவத்துக்கு முன்னால் சபை எடுக்கப்படும் என்பதற்கு வெளி 3:10 இருக்கிறதே? "சோதனைகாலத்திற்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்."

அடிக்குறிப்பு

அங்கே 'காப்பேன்' என்பதற்கு உள்ள அதே கிரேக்கத் தொடர் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, யோவான் 17:15. "நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்." எடுப்பது வேறு, காப்பது வேறு என்று இயேசுவே பிரித்துக் காட்டிய வசனம்.

காத்திருப்பவன்

இதை நான் பார்த்ததில்லை. பார்க்கிறேன்.

தேரிப்பனை

நான் ஏன் இந்தப் பெயர் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமனாருக்குத் தேரியில் (செம்மணல் மேட்டில்) கொஞ்சம் நிலம் இருந்தது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்களே. அவர் 80களில் பனங்கொட்டை போடவில்லை, வேலி கட்டவில்லை, மழைநீர் நிற்கக் குழி வெட்டவில்லை, "கர்த்தர் வரப்போறார், எவன் பாக்கப் போறான்" என்று விட்டுவிட்டார். மூத்த மகளை, அதாவது என் கொழுந்தியாவை, நர்சிங் படிக்கவும் விடவில்லை, அதே காரணம். சோம்பேறி இல்லை அவர், நல்ல மனிதர், நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பவர். உண்மையாகவே நம்பினார். அவர் 2009இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கொழுந்தியா இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

வருகிறவர் இங்கே வருகிறார் என்றால் பனை நடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. வெளி 21இல் நகரம் இறங்கி வருகிறது, யாரும் ஏறிப்போகவில்லை. போன ஐப்பசி மழைக்கு முன்னால் 200 கொட்டை போட்டிருக்கிறேன், பாதிக்கு மேல் முளைத்துவிட்டது.

வேளாங்கண்ணி வழி

நாளைக்கு உலகம் முடியும் என்றாலும் இன்றைக்கு ஆப்பிள் கன்று நடுவேன் என்று லூத்தர் சொன்னது போல!

அடிக்குறிப்பு

அவர் சொல்லவில்லை. 1944க்கு முந்தின எதிலும் அந்த வரி கிடைக்கவில்லை. மன்னிக்கவும், கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

காத்திருப்பவன்

பனை பிரதர், உங்கள் கொழுந்தியா விஷயம் மனதைப் பிசைகிறது. என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வெளி 20 எனக்கு இன்னும் எழுத்தின்படிதான், அதில் நீங்கள் என்னை அசைக்கவில்லை. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்னால் இரகசியமாக என்ற பகுதியை அடுத்த முறை பிள்ளைகளுக்குச் சொல்லும்போது யோசிப்பேன். 2 தெசலோனிக்கேயர் 2 தொடக்கத்தில் வருகையையும் நாம் அவரிடத்தில் சேர்க்கப்படுவதையும் பவுல் ஒன்றாகச் சொல்லிவிட்டு, பாவமனுஷன் (அந்திக்கிறிஸ்து) முதலில் வெளிப்பட வேண்டும் என்கிறார். அது எனக்கு முன்னாலேயே இடித்துக்கொண்டிருந்தது. வகுப்பறைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருக்கிறோம், அதில் விமானம் விழுகிற மூலையில் இப்போதைக்கு வருகைப் பதிவு அட்டையை ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

அந்த ஏழு வருஷக் கணக்குக்கு வேரான தானியேலின் எழுபது வாரத்தை யாரும் தொடவில்லை. அதற்குத் தனி இழை வேண்டும்.

தேரிப்பனை

திறக்கிறேன் பிரதர். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாயங்காலம் நாலு மணிக்கு.

மணல்மேடு

தேதியும் நேரமும் குறிக்காதீர்கள் அண்ணா.